அத்திவாரம் வெட்டும் முன் மூன்று பத்திரம்

(தோட்டக் கமிட்டிகளின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம் பற்றிப் பேச வேண்டிய கூட்டத்தில் வீடு கட்டும் அனுமதி பற்றிப் பேசுகிறோமே என்று சிலர் நினைக்கலாம். ஆனால் நம் சம்பளம் கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது? ஊழியர் சேமலாப நிதிக் காசு, பிள்ளை கொழும்புக் கடையில் நின்று அனுப்பும் காசு, அக்கா வெளிநாட்டில் வீட்டு வேலை செய்து அனுப்பும் காசு, எல்லாம் ஒரு காம்பராவாகவும் ஒரு குசினியாகவும்தான் மாறுகின்றன. அந்தச் சுவர் இடிந்தால் அத்தனை வருட உழைப்பும் அதோடு போய்விடும்.

எங்கள் வீட்டிலேயே அது நடந்தது. 10 அடிக்கு 12 அடிக் காம்பராவில் அப்பா, அம்மா, கல்யாணமான அண்ணன், அண்ணி, கைக்குழந்தை என்று இருந்தோம். அப்பா பென்ஷனுக்குப் போனதும் கிடைத்த காசில் லயத்துக்குப் பின்னால் ஒரு அறை கட்ட நினைத்தோம். பெரிய துரையிடம் போய்க் கேட்டோம். "கட்டுங்க, நான் பார்த்துக்கிறேன்" என்றார். அந்த ஒரு வார்த்தையை நம்பி கல்லும் மணலும் இறக்கினோம். சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்தபோது அவர் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர், அனுமதியற்ற கட்டடம், உடனே அகற்றவும் என்று கடிதம் அனுப்பினார். பிரதேச சபைக்கு ஓடினோம். "காணிக்குப் பத்திரம் எங்கே? வரைபடம் எங்கே?" என்று கேட்டார்கள். எங்கள் கையில் ஒன்றும் இல்லை. அந்தச் சுவர் இன்றும் கூரையில்லாமல் நிற்கிறது. உள்ளே அம்மா கறிவேப்பிலை நட்டிருக்கிறார்.

அன்று எங்களுக்கு விளங்காதது இன்று உங்களுக்கு விளங்க வேண்டும். வீடு கட்ட மூன்று தனித்தனி விஷயங்கள் தேவை. ஒன்று இருந்தால் மற்றது தேவையில்லை என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள்.

முதலாவது, காணி. நாம் நிற்கும் மண் பெரும்பாலும் அரசுக்குச் சொந்தமானது. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975ஆம் ஆண்டுத் திருத்தமும் தோட்டங்களை அரசின் கைக்குக் கொண்டுவந்தன. 1992இல் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் போனது. அவர்களும் குத்தகைக்காரர்களே. ஆகவே துரையின் வாய்வார்த்தை காணி உரிமை ஆகாது. வீடமைப்புத் திட்டத்தில் 7 பேர்ச்சஸ் கிடைத்தவர்கள் உறுதியும் நில அளவைப் படமும் கைக்கு வந்ததா என்று பாருங்கள். 1 பேர்ச்சஸ் 272 சதுர அடிக்குச் சற்று அதிகம். ஆக 7 பேர்ச்சஸ் ஏறக்குறைய 1,905 சதுர அடி. படத்தில் உள்ள அளவும் தரையில் நட்ட எல்லைக் கல்லும் ஒத்துப் போகின்றனவா என்று நாடா பிடித்துப் பாருங்கள்.

இரண்டாவது, தோட்ட நிர்வாகத்தின் சம்மதம். உறுதி இல்லாத இடத்தில் இது எழுத்தில் வேண்டும். திகதி, கையொப்பம், இறப்பர் முத்திரை, எந்த லயம், எந்தப் பக்கம், எத்தனை அடி என்ற விவரம் எல்லாம் இருக்க வேண்டும். கையொப்பம் வைத்தவர் மாற்றலாகிப் போனாலும் கடிதம் கோப்பில் இருக்கும். ஆனால் இந்தக் கடிதம் உறுதியும் அல்ல, கட்டிட அனுமதியும் அல்ல.

மூன்றாவது, பிரதேச சபையின் கட்டிட அனுமதிப்பத்திரம். உள்ளூராட்சி சபையிடம் அனுமதி பெற்றே கட்ட வேண்டும் என்பது புதிய சட்டமல்ல. 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கிறது. நகர அபிவிருத்தி அதிகார சபையின் எல்லைக்குள் வரும் இடங்களுக்கு 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டமும் பொருந்தும். சபையில் விண்ணப்பப் படிவம் வாங்கி, வீட்டு வரைபடம், நில அளவைப் படம், காணிக்கான சான்று ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். தொழில்நுட்ப உத்தியோகத்தர் இடத்தை வந்து பார்ப்பார். பாதை எவ்வளவு தூரம், மலசலகூடக் குழி எங்கே வருகிறது, பக்கத்தில் ஊற்று இருக்கிறதா என்று கவனிப்பார். பிறகுதான் சபையின் திட்டமிடல் குழு முடிவெடுக்கும். அனுமதிக்குக் காலவரை உண்டு. அதற்குள் கட்டி முடியாவிட்டால் நீடிக்கக் கேட்க வேண்டும். வீடு முடிந்ததும், திட்டப்படி கட்டப்பட்டது என்ற சான்றிதழையும் வாங்கி வையுங்கள்.

தோழர்களே, மலையில் இருக்கும் நமக்கு இன்னொரு வேலையும் உண்டு. நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை, கேகாலை, இரத்தினபுரி போன்ற மண்சரிவு மாவட்டங்களில் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையையும் சபை கேட்கும். "இது வீண் அலைச்சல்" என்று நம் ஆட்களே சொல்கிறார்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தயில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மறந்துவிட்டோமா? 2025 நவம்பரில் டித்வா புயலின்போது மலைநாடு பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்தோம். அந்த அறிக்கையை சபைக்காகக் கேட்காதீர்கள், பிள்ளைகளுக்காகக் கேளுங்கள். "இந்த இடம் வேண்டாம்" என்று பதில் வந்தால் அதையும் பத்திரமாக வையுங்கள். பாதுகாப்பான வேறு இடம் கேட்டுப் பேசும்போது அதுதான் நம் கையில் உள்ள சாட்சி.

"தோட்டத்துக்குள்ளே சபைக்கு என்ன வேலை?" என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபை நிதியைத் தோட்டங்களுக்குள் செலவிடத் தடையாக இருந்தது. போராடிப் பேசித்தான் 2018இல் அதைத் திருத்த முடிந்தது. அம்பகமுவ சபை பிரிந்து மஸ்கெலியா, நோர்வூட் சபைகள் வந்தன. நுவரெலியா சபை பிரிந்து கொட்டகலை, அக்கரப்பத்தனை சபைகள் வந்தன. நம் வாக்கில் வந்த சபைகள் இவை. வாசலில் தயங்கி நிற்க வேண்டியதில்லை.

இனி நடைமுறைக்கு வருவோம். சபைக்குச் சபை கேட்கும் பத்திரங்கள் கொஞ்சம் மாறும். ஆகவே முதல் நாளே என்னென்ன வேண்டும் என்ற பட்டியலை எழுத்தில் வாங்குங்கள். தமிழில் கேளுங்கள், தமிழில் எழுதிக் கொடுங்கள். அரசியலமைப்பு தந்த உரிமை அது. விளங்காத மொழியில் உள்ள படிவத்தில் கையொப்பமோ கைநாட்டோ வைக்காதீர்கள். கட்டும் பணத்துக்கெல்லாம் பற்றுச்சீட்டு வாங்குங்கள். "நான் முடித்துத் தருகிறேன்" என்று வரும் தரகரிடம் காசு கொடுக்காதீர்கள். விண்ணப்பம் என்ன ஆனது என்று பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தகவல் அதிகாரி 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். பள்ளிக்கூடம் விட்ட பிறகு வாருங்கள், அந்தக் கடிதத்தை எழுதித் தருகிறோம்.

தாய்மாருக்கு ஒரு வார்த்தை. விண்ணப்பம் பெரும்பாலும் ஆம்பிளையின் பெயரில் மட்டும் போகிறது. கொழுந்து பறித்துச் சேர்த்த காசில் எழும் வீட்டில் உங்கள் பெயரும் இருக்க வேண்டும். சம்மதக் கடிதம் கேட்கும்போதே இரண்டு பெயரும் போடச் சொல்லுங்கள்.

எல்லாப் பத்திரமும் சேர்த்தாலும் பல லயங்களில் முதலாவது கதவு, அதாவது காணி, இன்னும் பூட்டியே இருக்கிறது என்பது நமக்குத் தெரியும். ஒரு குடும்பம் தனியாகத் தட்டினால் அது திறக்காது. ஆகவே அனுமதி கேட்பதும் காணி உரிமை கேட்பதும் ஒன்றாகவே நடக்க வேண்டும். உறுதி இல்லை என்று சபை விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பினால் அந்தக் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒரு தோட்டத்தில் ஐம்பது குடும்பம் அப்படி வாங்கி வைத்தால், நிர்வாகத்துடனும் அமைச்சுடனும் பேசும் மேசையில் அதை நாம் வைக்கலாம். "எங்கள் ஆட்களுக்கு வீடு இல்லை" என்று வாயால் சொல்வதைவிட அது கனமானது.

அதனால் கமிட்டிகளிடம் இரண்டு வேலைகளைக் கேட்கிறோம். ஒன்று, ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு கோப்பு திறந்து, கட்ட நினைக்கும் குடும்பம், ஏற்கனவே கட்டிய குடும்பம், கடிதம் வந்த குடும்பம் என்று மூன்று பட்டியல் எழுதுங்கள். இரண்டு, ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் தெரிவு செய்யுங்கள். சபைக்குப் போகிற எவரும் தனியாகப் போகாமல் இவர்களில் ஒருவர் கூடப் போகட்டும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது வீட்டில் இருக்கும் கடிதங்களின் பிரதிகளைக் கொண்டுவாருங்கள். அகற்றச் சொல்லிக் கடிதம் வந்தவர்கள் பயந்து ஒளித்து வைக்காமல் முதலில் கொண்டுவாருங்கள். கூரையில்லாத சுவர் எங்கள் வீட்டோடு நிற்கட்டும். இனி ஒரு வீட்டிலும் அப்படி ஒரு சுவர் நிற்கக்கூடாது.