புள்ளியும் கோடும்
(வெள்ளி விழாவையொட்டி நம் பங்கின் சமூகப் பணிக் குழு நடத்திய கூட்டத்தில் ஆற்றிய உரை)



விழா மலர் என்றாலே கணக்கு வரும். இத்தனை வீடுகளுக்குக் கூரை போட்டோம், இத்தனை பேருக்குத் தையல் இயந்திரம் கொடுத்தோம், இத்தனை மூட்டை சத்துமாவு வழங்கினோம் என்று பட்டியல் நீளும். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் அது கொடுத்தவர் கணக்கு. வாங்கியவர் வீட்டில் என்ன நடந்தது? மாவு போய்ச் சேர்ந்தது உண்மை. குழந்தை வளர்ந்ததா? இதற்கு விடை சொல்ல ஒரு வரைபடம் போதும் என்பதே இன்றைய பேச்சு.

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை நாம் பள்ளிப் பாடத்தில் விளக்கோடு பார்த்திருக்கிறோம். அவர் வரைந்த படத்தைப் பாடம் நமக்குக் காட்டவில்லை. கிரிமியப் போரில் காயத்தால் செத்த வீரர்களைவிடத் தடுக்கக்கூடிய நோய்களால் செத்தவர்கள் மிகப் பலர். அம்மையார் இதை 1858-ல் வட்டப் படமாக, மாதத்துக்கு ஒரு துண்டாக வரைந்து வெளியிட்டார். நோய்ச் சாவுக்கு நீல நிறம். 1855 மார்ச்சில் சுகாதாரக் குழு வந்து சாக்கடையையும் குடிநீரையும் சீர்செய்த பிறகு, நீலம் மாதாமாதம் சுருங்குகிறது. புள்ளிவிவரம் என்றால் கொட்டாவி விடுகிற அமைச்சரும் அதைப் பார்த்தால் புரிந்துகொள்வார்.

நமக்கு இன்னும் நெருக்கமானது எடை அட்டை. டேவிட் மோர்லி என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர் நைஜீரியாவில் இமேசி என்ற ஊரில் பணியாற்றியபோது உருவாக்கி வளர்த்த முறை அது. கீழே குழந்தையின் வயது மாதக் கணக்கில், பக்கவாட்டில் எடை. மாதம் ஒரு புள்ளி. புள்ளிகளைச் சேர்த்தால் கோடு. பிறக்கும்போது மூன்று கிலோ இருந்த பிள்ளை ஐந்தாம் மாதத்தில் இரு மடங்கும் ஓராண்டில் ஏறக்குறைய மும்மடங்கும் ஆக வேண்டும். அட்டையைத் தாயிடமே கொடுத்தார் மோர்லி. பிள்ளைக்குப் பேதி வந்தது, அடுத்த குழந்தை பிறந்தது போன்றவற்றை அதிலேயே ஓரத்தில் எழுதவும் இடம் விட்டார். கோடு எங்கே படுத்தது என்பதோடு, ஏன் படுத்தது என்பதும் ஒரே தாளில் தெரிந்துவிடும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். புள்ளி மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதைவிட, கோடு எந்தப் பக்கம் போகிறது என்பதே முக்கியம். குட்டையான பெற்றோரின் சின்னப் பிள்ளை, கோடு ஏறிக்கொண்டே இருந்தால் நலமாகத்தான் இருக்கிறது. கொழுகொழு என்றிருந்த பிள்ளையின் கோடு இரண்டு மாதம் படுத்துவிட்டால், கன்னத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. கண்ணுக்கு மெலிவு தெரியும் முன்பே கோடு சொல்லிவிடுகிறது.

இதை நம் மாநிலமே செய்து காட்டியது. உலக வங்கி உதவியோடு 1980-ல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் முதலில் முயன்று பார்க்கப்பட்டது. 6 முதல் 36 மாதம் வரையுள்ள பிள்ளைகளை மாதந்தோறும் எடை போட்டார்கள். எல்லோருக்கும் மாவு அள்ளிக் கொடுக்கவில்லை. யாருடைய கோடு தளர்ந்ததோ அந்தப் பிள்ளைக்கு மட்டும், குறைந்தது 90 நாள், சத்துணவு உருண்டை. எடை ஏறியதும் நிறுத்திவிடுவார்கள். மையத்தின் வெளியே பலகையில் அந்த மாதக் கணக்கை எழுதிப் போட்டார்கள். தெருவில் போகிறவர் யாரும் நின்று படிக்கலாம், ஊழியரைக் கேள்வியும் கேட்கலாம். அந்தப் பலகையைத்தான் நாம் மிகவும் மெச்சுகிறோம்.

ஆனால் படமும் பொய் சொல்லும். மெலிந்த பிள்ளையின் தாய் நாற்று நடவுக்குப் போய்விட்டால் அந்தப் பிள்ளை எடைக்கு வராது. வந்த பிள்ளைகளின் சராசரி தானாகவே உயர்ந்துவிடும். 'பார்த்தீர்களா, முன்னேற்றம்!' என்று நாம் கைதட்டுவோம். அந்த நேரம் அந்தப் பிள்ளை வரப்பில் கிடக்கும். ஆகவே எடைக் கோட்டின் அருகிலேயே வராத பிள்ளைகளின் எண்ணிக்கைக்கும் ஒரு கோடு வரைய வேண்டும். அந்த இரண்டாவது கோடு ஏறினால் அன்றே வீடு தேடிப் போக வேண்டும். படத்தின் அடிக்கோடு சுழியிலிருந்து தொடங்காமல் எட்டு கிலோவிலிருந்து தொடங்கினால் அரை கிலோ ஏற்றமும் மலைபோலத் தெரியும் என்பதையும் மறக்கலாகாது. நன்கொடையாளருக்கு அனுப்பும் அறிக்கைகளில் இந்த வித்தை அதிகம்!

இன்னொன்று. பொதுப் பலகையில் பிள்ளைகளின் பெயர் வேண்டாம். எத்தனை பேர் பச்சையில், எத்தனை பேர் மஞ்சளில் என்ற எண்ணிக்கை போதும். இன்னார் வீட்டுப் பிள்ளை வாடிக்கிடக்கிறது என்று கோயில் வாசலில் எழுதிவைத்தால் அந்தத் தாய் மறுமாதம் வருவாளா? பெயர் அவள் கையிலுள்ள அட்டையில் மட்டும் இருக்கட்டும்.

2021 முதல் அங்கன்வாடிகளில் எடை கைபேசிச் செயலியில் பதிவாகிறது. தலைநகரில் உடனே தெரியும், நல்லதுதான். ஆனால் படம் தாய்க்குத் தெரிகிறதா என்று கேட்க வேண்டியிருக்கிறது. மேலே போகிற தகவல் பக்கத்து வீட்டுக்கும் வர வேண்டாமா?

எனவே நம் பங்கில் வருகிற மாதம் முதல் சனிக்கிழமை காலை, அங்கன்வாடி ஊழியரையும் அழைத்து, பள்ளித் தாழ்வாரத்தில் தொங்கு தராசு கட்டப்படும். கட்டம் போட்ட அட்டைகளை இளைஞர் மன்றத்தினர் கையாலேயே வரைந்து தருகிறார்கள். பலகைக்குக் கறுப்பு வண்ணம் பூசியாகிவிட்டது. வராதவர் கோட்டுக்குச் சிவப்புச் சுண்ணக்கட்டி வாங்கி வைத்திருக்கிறோம். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய்மார் கூட்டம் முடிந்ததும் மாதர் சங்கத் தலைவியிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறோம்.