நீர்க்குழாயும் ஊர் நலமும்



வீடு கட்டுகின்ற ஒருவர் மேசனைத் தேடும்போது நான்கு பேரிடம் விசாரிக்கிறார். ஓடாவியார் முன்னர் செய்த கதவையும் யன்னலையும் தடவிப் பார்த்த பின்னரே அவரிடம் வேலையை ஒப்படைக்கிறார். ஆனால் நீர்க்குழாய் பொருத்துவதற்கு ஆள் தேடும்போது மட்டும், அன்று ஓய்வாக இருப்பவர் எவரோ, குறைந்த கூலி கேட்பவர் எவரோ, அவரே போதும் என்று எண்ணிவிடுகிறோம். குழாய் சுவருக்குள் மறைந்துவிடும் பொருள்தானே என்பது நமது நினைப்பு. அந்த நினைப்பு எத்துணை ஆபத்தானது என்பதையும், கல்முனைக் கரையோர ஊர்களில் அது ஏன் தனிக் கவனத்துக்கு உரியது என்பதையும் இன்று சிறிது ஆராய்வோம்.

மருதமுனை தொடங்கிக் கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனக் கடலோரமாக நெருங்கி அமைந்தவை நமது ஊர்கள். இவற்றின் நிலம் மணற்பாங்கானது. மணலுக்குள் இறங்கும் மழைநீர், அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரை ஆராய்வோர் கூறும் கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழிருந்து உவர்நீர் அதே கணக்கில் ஏறிவரும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி வந்த ஆழிப்பேரலைக்குப் பின்னர் கரையோரக் கிணறுகள் உவர்த்துப் போனதையும், பம்பி வைத்து அளவு மீறி இறைத்தால் உவர்நீர் மேலும் ஏறும் என்று அறிஞர் எச்சரித்ததையும் நேயர்கள் மறந்திருக்கமாட்டீர்கள்.

இன்னொரு குறையும் உண்டு. மணல் நிலத்தில் கழிவுநீர் விரைவாகப் பரவும். வளவுகள் சிறியவை, வீடுகள் நெருக்கமானவை. ஒருவருடைய மலக்குழிக்கும் அடுத்தவருடைய கிணற்றுக்கும் இடையே போதிய தூரம் இருப்பது அரிது. ஆகவே, கிணற்று நீர் கண்ணுக்குத் தெளிவாக இருந்தாலும், அதனைக் காய்ச்சாது பருகுவது நல்லதன்று.

கல்லோயாத் திட்டத்தின் நீரைக் கொண்ட கொண்டவட்டுவான் குளத்திலிருந்து, சுத்திகரிக்கப்பட்ட குடிநீரைத் தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை இக்கரையோரத்துக்கு வழங்கிவருகின்றது. இதன் பயனாக, இன்று பல இல்லங்களில் இருவகை நீர் உண்டு. குடிக்கவும் சமைக்கவும் குழாய்நீர். குளிக்கவும் கழுவவும் மரங்களுக்கு ஊற்றவும் கிணற்று நீர். இது சிக்கனமான ஏற்பாடே. ஆனால் இவ்விரு நீரும் எங்கே சந்திக்கின்றன என்பதே கேள்வி.

குழாய்நீர் ஒருநாள் நின்றுவிடுகிறது. வீட்டுக்காரர் தொழிலாளியை அழைத்து, “கிணற்று மோட்டரிலிருந்தும் இதே குழாய்க்குத் தண்ணீர் வரும்படி செய்யுங்கள்” என்கிறார். விஷயம் அறியாத தொழிலாளி இரண்டு குழாய்களையும் பொருத்தி, இடையிலே ஒரு வால்வை வைத்து, “வேண்டும்போது திறவுங்கள், வேண்டாதபோது பூட்டுங்கள்” என்று சொல்லிச் சென்றுவிடுகிறார். வேலை அரைமணி நேரத்தில் முடிந்தது. ஆயின், அந்த வால்வு ஒருநாள் தேயும். அல்லது ஒருவர் பூட்ட மறப்பார். வீதிக் குழாய் உடைந்தோ, திருத்த வேலைக்காகவோ, அங்கே அமுக்கம் குறையும் வேளையில் இங்கே மோட்டர் ஓடினால், கிணற்று நீர் வீதிக் குழாய்க்குள் நுழையும். அதனைப் பருகப் போகின்றவர் அடுத்த வீட்டுக் குழந்தையாக இருக்கலாம்.

இது வெறுங் கற்பனையன்று. 1933ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் உலகக் கண்காட்சி நடைபெற்றது. அதனைக் காணவந்து இரண்டு பெரிய ஹோட்டல்களில் தங்கியவர்களிடையே வயிற்றளைச்சல் பரவிற்று. அக்கட்டடங்களின் பழைய குழாய்களில் கழிவுநீர் குடிநீரோடு கலக்க இடம் இருந்தது என்று விசாரணையில் தெரியவந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 98 பேர் இறந்தனர்.

இணைப்பே இல்லாமலும் அழுக்கு நீர் குழாய்க்குள் புகுவதுண்டு. மருதமுனை கைத்தறிக்குப் பெயர்பெற்ற ஊர். நூலுக்குச் சாயம் தோய்க்கும் தொட்டியில், குழாயில் மாட்டிய ரப்பர்க் குழாயின் நுனி அமிழ்ந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்நேரம் வீதியில் அமுக்கம் அற்றுப்போனால், சாயநீர் பின்னோக்கி உறிஞ்சப்படும். பள்ளிவாசல் ஹவுழுக்கும், உணவுக் கடையின் கழுவு தொட்டிக்கும், வீட்டுக் கூரைமேல் இருக்கும் தாங்கிக்கும் இதே விதிதான். நீர் வந்து விழும் குழாயின் வாய், தொட்டியின் விளிம்பைவிட உயரத்தில் நிற்கவேண்டும். குழாயின் விட்டத்தைப்போல இருமடங்கு இடைவெளியேனும் காற்றுக்கு விடவேண்டும். செலவில்லாத இந்த இடைவெளியைப்போன்ற காவல் வேறில்லை.

கழிவுக் குழாயிலும் இத்தகைய நுட்பம் உண்டு. கழுவு தொட்டியின் கீழ் வளைந்திருக்கும் குழாயில் எப்போதும் சிறிது நீர் தங்கி நின்று, கழிவுக் குழாயின் காற்று வீட்டுக்குள் வராது தடுக்கின்றது. 2003இல் ஹொங்கொங் நகரின் அடுக்குமாடிக் குடியிருப்பொன்றில் முந்நூறுக்கும் மேற்பட்டோருக்கு சார்ஸ் நோய் தொற்றியபோது, தரை வடிகாலின் வளைகுழாய்கள் நீரின்றி வறண்டிருந்ததை ஆய்வாளர்கள் ஒரு காரணமாகக் கண்டனர். அந்த வளைவை வீண் செலவென்று விட்டுவிடும் தொழிலாளியை நாம் என்னவென்பது?

அப்படியாயின் நல்ல தொழிலாளியைத் தெரிந்துகொள்வது எவ்வாறு? இலங்கையில் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் என்றொரு முறை உண்டு. என்.வி.கியு. என்று வழக்கில் சொல்வார்கள். அதில் ஏழு மட்டங்கள் உள. குழாய் பொருத்தும் தொழிலுக்கு மூன்றாம், நான்காம் மட்டச் சான்றிதழ்கள் வழங்கப்படுகின்றன. பயிற்சி நிலையத்துக்குச் செல்லாது, தந்தையிடமோ மூத்த தொழிலாளியிடமோ கைப்பழக்கமாகக் கற்றவரும் தமது திறனை மதிப்பீட்டாளர் முன் காட்டி அதனைப் பெறலாம். ஆதலால் சான்றிதழைக் கேட்பது எவரையும் அவமதிப்பதாகாது.

சான்றிதழோடு வேறு சிலவற்றையும் கேளுங்கள். கிணற்று நீரையும் குழாய்நீரையும் எப்படிப் பிரித்து வைப்பீர் என்று வினாவுங்கள். இரண்டுக்கும் தனித்தனித் தாங்கி, தனித்தனிக் குழாய் என்று விடை சொல்பவரிடம் வேலையை நம்பிக் கொடுக்கலாம். குழாய்களின் அளவு, பொருள்களின் விலை, கூலி ஆகியவற்றை எழுத்தில் பெறுங்கள். சுவருக்குள் குழாய் செல்லும் வழியைக் கடதாசியில் வரைந்து வாங்கி வையுங்கள். முழுக் கூலியையும் முதலிலே கொடாது, ஒரு பகுதியைப் பரிசோதனை முடியும்வரை நிறுத்தி வையுங்கள்.

அந்தப் பரிசோதனை, மேசன் சாந்து பூசுவதற்கு முன்னரே நடக்கவேண்டும். குழாய்களை நீரால் நிரப்பி, அமுக்கம் ஏற்றி, ஒவ்வொரு மூட்டையும் பார்க்கவேண்டும். ஓடு பதித்த பின்னர் கசிவு தெரிந்தால், பத்து ரூபாய்ப் பொருளைத் திருத்தச் சுவரையே உடைக்க நேரும். குடியேறிய பின்னரும் மாதம் ஒருமுறை எல்லாக் குழாய்களையும் பூட்டிவிட்டு நீர்மானியைப் பாருங்கள். முள் அசைந்தால் எங்கோ கசிகின்றது. நொடிக்கொரு துளி ஒழுகினாலும் ஒரு நாளில் ஏறத்தாழ 20 லீற்றர் வீணாகும்.

வீடு நம்முடையது, கிணறும் நம்முடையது. ஆனால் வீதிக் குழாயில் வரும் நீர் ஊரார் அனைவருக்கும் உரியது. நமது சுவருக்குள் யாரோ அவசரத்தில் வைத்த ஒரு மூட்டு, நாம் அறியாத இல்லத்தில் நோயாகப் போய்ச் சேரலாம். ஆகையால், இரண்டு நாட்கள் கூடுதலாகக் காத்திருக்க நேர்ந்தாலும், சிறிது கூலி அதிகமானாலும், தொழில் தெரிந்தவரையே அழையுங்கள். அவர் செய்யும் வேலை சுவருக்குள் மறையும் முன்னர் ஒருமுறை நின்று பாருங்கள்.