ஒரு கிதாரைப் பிரித்துச் சேர்த்த கதை

(கல்கத்தா கிளையின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"ஸயன்ஸ் விஷயமா ஏதாவது பேசுங்கோ ஸார், அரை மணிக்கு மேல் வேண்டாம்" என்று கிளைச் செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் பௌதிகத்தில் பி.எஸ்ஸி. பட்டம் வாங்கி ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நடுவில் 36 வருஷம் மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் கோப்புகளோடுதான் வாழ்க்கை. மிச்சம் இருந்த பௌதிகத்தை சமீபத்தில் ஒரு எலெக்ட்ரிக் கிதாரின்மேல் பிரயோகம் செய்தேன். அதைப் பற்றியே சொல்கிறேன்.

கிதார் என்றவுடன் இரண்டு மூன்று மாமிகள் முகத்தைத் திருப்புவது தெரிகிறது. 2014-ல் மறைந்த மாண்டலின் ஸ்ரீநிவாஸ் நம் சபாக்களில் வாசித்தது எலெக்ட்ரிக் மாண்டலின்தான். அதில் எந்தத் தத்துவமோ, இதிலும் அதே.

தத்துவம் எளிது. எஃகுத் தந்திக்குக் கீழே ஒரு காந்தம்; காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பிச் சுருள். காந்தம் தந்தியையும் லேசாகக் காந்தமாக்குகிறது. தந்தி அதிரும்போது சுருளினூடே செல்லும் காந்தப்புலம் மாறுகிறது. மாறும் புலம் கம்பியில் மின்சாரத்தை உண்டாக்கும் என்று 1831-ல் ஃபாரடே காட்டினார். அந்தச் சின்ன மின்சாரத்தை ஆம்ப்ளிஃபையர் பெரிதாக்குகிறது. நைலான் தந்தி போட்டால் இது ஒரு சத்தமும் தராது. இந்தக் காந்தமும் சுருளும் சேர்ந்ததற்கு பிக்கப் என்று பெயர்.

1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஜார்ஜ் போஷாம்ப், அடால்ஃப் ரிக்கன்பேக்கர் என்ற இருவர் விற்பனைக்குக் கொண்டுவந்த எலெக்ட்ரிக் கிதார், மார்போடு அணைத்து வாசிக்கும் ஸ்பானிஷ் கிதார் அல்ல. மடியில் படுக்க வைத்து, தந்தியின் மேல் ஓர் இரும்புத் துண்டை வழுக்கி வாசிக்கும் ஹவாயன் கிதார். வட்டமான உடலும் நீண்ட கழுத்துமாக இருந்ததால் 'வாணலி' என்றே அதற்குப் பட்டப்பெயர். கோட்டுவாத்தியம் கேட்டவர்களுக்கு இந்த வழுக்கல் விவகாரத்தை விளக்க வேண்டியதில்லை.

அந்த ஹவாயன் கிதாருக்கு நம் கல்கத்தா ஒரு புகுந்த வீடு. ஹவாய்க் கலைஞர் டாவ் மோ 1940-களில் குடும்பத்தோடு இங்கே வசித்தார். அவரிடம் கற்ற கார்னி நைஸ் இங்கே பேர் பெற்றார். பிறகு சுனில் கங்கூலி, பட்டுக் நந்தி, கவி நஸ்ருலின் பிள்ளை காஜி அனிருத்தா என்று ஒரு பரம்பரையே உண்டு. நான் வேலைக்கு வந்த புதிதில் சாயங்காலம் எந்தப் பாடாவில் நடந்தாலும் ஒரு வீட்டில் ஹார்மோனியம், இன்னொரு வீட்டில் ஹவாயன் கிதார் காதில் விழும்.

இனி என் நண்பர். என்னைவிட மூன்று வயது மூத்த வங்காளி; ஒரே ஆபீசில் இருபது வருஷம் இருந்தோம். நான் அவரை 'தாதா' என்பேன். அவர் என்னை 'ஐயர் மொஷாய்' என்பார். 1971-ல் லால்பஜார் பக்கம் ரவீந்திர சரணியில் இருக்கும் வாத்தியக் கடைகளில் ஒன்றில், உள்ளூரில் செய்த ஸ்பானிஷ் எலெக்ட்ரிக் கிதார் ஒன்றை வாங்கினார். பூஜைக் காலத்தில் பாடாவின் ஜல்சாவில் வாசிப்பார். ஹவாயன் வாசிப்பவர்களைக் கண்டால் அவருக்கு இளக்காரம். "அது பெண்பிள்ளைகளுக்குக் கல்யாணத்துக்கு முன் கற்றுத் தருவது" என்பார்.

2022-ல் அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு தப்பியது, நடையும் ஒருவாறு திரும்பியது. இடது கை மட்டும் பாதிதான் வந்தது. கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் ஒரு டம்ளரைப் பிடிக்கும். ஆனால் தனித்தனியாகத் தந்தியை அழுத்த வராது. அந்த வருஷம் பூஜை சுத்தத்தின்போது பழைய பேப்பரோடு சேர்த்து கிதாரையும் பிக்ரிவாலாவுக்குப் போடச் சொல்லிவிட்டார். அவர் பெண் எனக்கு போன் செய்தாள். "காக்கு, நீங்கள் வந்து எடுத்துக்கொண்டு போங்கள். அப்பா கேட்டால் விற்றாகிவிட்டது என்று சொல்லிக்கொள்கிறேன்."

எடுத்து வந்தேன். ஒரு பிக்கப் செத்திருந்தது. மற்றதில் மீட்டர் 5.8 கிலோ ஓம் காட்டியது, உயிர் இருந்தது. கழுத்து முன்பக்கம் வளைந்திருந்தது. ஆறு தந்திகளும் சேர்ந்து சுமார் 45 கிலோ எடையின் விசையோடு இழுக்கும்; இந்தக் கழுத்துக்குள் அதைத் தாங்கும் இரும்புக் கம்பி கிடையாது. வளைந்தால் தந்தி எழும்பி நிற்கும், அழுத்தி வாசிப்பது கஷ்டம். ஆனால் ஹவாயன் முறைக்குத் தந்தி எழும்பித்தான் நிற்கவேண்டும்! ஃப்ரெட்டுகள் வெறும் அடையாளக் கோடுகள். மூன்று விரலால் இரும்பைப் பிடித்துத் தோளிலிருந்து நகர்த்தினால் போதும். இது தோன்றியதும் அவரிடம் சொல்லப் போனேன்.

அவருக்குக் கோபம்தான் வந்தது. ஹவாயன் ஆக்கினால் இனி விரல் வராது என்று நாமே முடிவு கட்டின மாதிரி என்றார். பெண், மடியில் வைத்து வாசிக்கிற புது கிதாரே வாங்கித் தருகிறேன் என்றாள். அதற்கும் மாட்டேன் என்றார். இரண்டு வாரம் கழித்து அவரே கூப்பிட்டு ஒரு நிபந்தனை போட்டார். ஒரு துளைகூடப் புதிதாகப் போடக்கூடாது. எதையும் அறுக்கக்கூடாது. அவர் கேட்கும் தினத்தில் பழையபடி ஸ்பானிஷாக மாற்றித் தரவேண்டும். விரல்கள் திரும்புமா என்பதில் எனக்கு அபிப்பிராயம் உண்டு, அதை நான் சொல்லவில்லை. நிபந்தனை நியாயமானது. ரிப்பேர் செய்பவனுக்கு நல்ல ஒழுங்கும்கூட.

ஆகவே பழைய நட்டின் மேலேயே தொப்பி மாதிரி உட்காரும் ஒரு பித்தளைக் கட்டையை ராவிச் செய்தேன். தந்தியின் இறுக்கமே அதைப் பிடித்துக்கொள்ளும். பத்து நிமிஷத்தில் கழற்றிவிடலாம். இங்கே ஒரு நுணுக்கம். ஸ்பானிஷ் கிதாரின் கழுத்து மேற்பரப்பு லேசாக வளைவு, தந்திகளும் அந்த வளைவிலேயே நிற்கும். நேரான இரும்பை அதன்மேல் வைத்தால் நடுத்தந்திகள் மட்டும் தொடும், ஓரத் தந்திகள் கிறீச்சிடும். ஆறும் ஒரே மட்டத்தில் வரவேண்டும். பித்தளையில் வெட்டின பள்ளங்களையும், அந்தப் பக்கம் குதிரையின் சின்ன திருகுகளையும் ஒரு கண்ணாடித் துண்டை வைத்துப் பார்த்துப் பார்த்துச் சமன் செய்ததில் மூன்று நாள் போயிற்று.

சுதியையும் மாற்றினோம். மேற்கத்திய பாஷையில் டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி. நம் பாஷையில் ஸ ப ஸ க ப ஸ. எந்தத் தந்தியும் முன்னைவிட அதிகமாக இறுகாது. நான்கு தந்திகள் தளர்வதால் வளைந்த கழுத்துக்கும் பாரம் குறைவு. காந்தாரத்தை தாதா காதால் சேர்த்தபோது எலெக்ட்ரானிக் ட்யூனர் 'குறைவு' என்று காட்டியது. பெண் திருத்தப் போனாள். வேண்டாம் என்றேன். இயற்கையான அந்தர காந்தாரம் ஷட்ஜத்துக்கு ஐந்துக்கு நான்கு விகிதம். பியானோவின் சம பங்கீட்டில் அது 14 சென்ட் உயர்ந்துவிடுகிறது. நூறு சென்ட் ஒரு அரை ஸ்வரம். எழுபத்தைந்து வயதுக் காது 14 சென்டைப் பிடித்தது. எனக்கு இதில்தான் பரம திருப்தி.

செத்த பிக்கப்பைத் திரும்பச் சுற்றவேண்டும். சாந்தினி மார்க்கெட்டில் 0.06 மில்லிமீட்டர் எனாமல் கம்பி கிடைத்தது, தலைமயிர் கனம். ஃபேன் காயில் சுற்றுகிற கைமெஷினைக் கடன் வாங்கி இரண்டு சாயங்காலத்தில் 7,600 சுற்று. கம்பியை விரல்நுனியில் மட்டும் உணரவேண்டும். கொஞ்சம் இறுகினால் அறுந்துவிடும், தளர்ந்தால் சுருள் உள்ளே அதிர்ந்து ஊளையிடும். சுற்றி முடித்து மெழுகில் ஊறவைப்பது அந்த ஊளை வராமல் இருக்கத்தான். மெழுகை நேர் நெருப்பில் காய்ச்சுவது அபாயம். என் ஆத்துக்காரி ஒதுக்கிவைத்திருந்த பழைய பால் குக்கரைத் தந்தாள். வெளிச்சுவரில் தண்ணீர் இருப்பதால் நூறு டிகிரியைத் தாண்டாது, நானும் அடுப்பருகிலேயே நின்றேன். இதைவிட நல்ல ஆய்வகக் கருவி காலேஜில்கூட நான் பார்த்ததில்லை.

வேண்டுமென்றே ஒன்று செய்தேன். மற்ற பிக்கப்புக்கு எதிர்த் திசையில் சுற்றி, காந்தத்தையும் திசைகாட்டி வைத்துப் பார்த்துத் தலைகீழாகப் பொருத்தினேன். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதன் இரைச்சல் எந்தச் சுருளிலும் புகுந்துகொள்ளும். எதிரெதிராகச் சுற்றிய இரண்டையும் சேர்த்தால் இரைச்சல் ஒன்றையொன்று கழித்துவிடும். தந்தியின் ஒலியோ, காந்தமும் தலைகீழ் என்பதால் இரட்டைத் திருப்பமாகிக் கூட்டிக்கொள்ளும். கிப்ஸன் கம்பெனியில் ஸெத் லவர் 1955-ல் ஒரே பிக்கப்புக்குள் செய்த யுக்தி இது. நான் இரண்டு பிக்கப்பில் பிரித்துச் செய்தேன்.

கரகரத்த வால்யூம் கன்ட்ரோலை மாற்றி, உள்குழியில் செம்புத் தகடு ஒட்டி, குதிரையிலிருந்து எர்த் கம்பி இழுத்தேன். பழைய இரண்டு பின் வால்வ் ஆம்ப்ளிஃபையரை மட்டும் கண்டிப்பாக வேண்டாமென்றேன். உலோகத் தந்தியைத் தொட்டு வாசிக்கும் வாத்தியத்துக்கு மூன்றாவது பின் இல்லாத சாதனம் ஆகாது. அது தவிர மொத்தச் செலவு மூவாயிரம் ரூபாய்க்குள்.

கழற்றியவை எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, எது எங்கே போகவேண்டும் என்று சீட்டெழுதிக் கொடுத்தேன். டப்பா அவர் அலமாரிமேல் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறது. முதல் மாதம் ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் வாசித்தார், இரும்பு கைநழுவிக்கொண்டே இருந்தது. இப்போது ஒரு மணி நேரம் வாசிக்கிறார். கை குணமாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை, நாலாவது விரல் இன்னும் அப்படியேதான். அவர் இளக்காரம் செய்த சுனில் கங்கூலியின் ரெக்கார்டுகளை பெண்ணிடம் தேடி வாங்கச் சொல்லியிருக்கிறார்.

முன்வரிசையில் அவரே வந்து உட்கார்ந்திருக்கிறார். இரண்டு உருப்படி வாசிப்பார்: ஒரு ரவீந்திர ஸங்கீதம், ஒரு பழைய ஹிந்திப் பாட்டு. ஹிந்திப் பாட்டுக்கு ஒற்றைப் பிக்கப்பின் குரல்தான் வேண்டும் என்று பிடிவாதம். அதில் இரைச்சல் கழிவதில்லை. ஆகவே மேடைக்குப் பக்கத்தில் இருக்கும் மின்விசிறியையும் ட்யூப்லைட்டையும் அந்த ஐந்து நிமிஷம் யாராவது அணைத்துவிட வேண்டுகிறேன்.