பூப்போட்ட எனாமல்



நீடாமங்கலத்தில் சந்தானராமர் கோயில் பக்கம் ஒரு வீட்டுப் பரணிலிருந்து எனாமல் டிபன் கேரியர் ஒன்றை இறக்கினார்கள். நான்கு அடுக்கு, இளம்பச்சை நிறம். ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு ரோஜாக் கொத்து. இதழின் ஒரு ஓரம் தெளிவாக நிற்கிறது, மறு ஓரம் பச்சையில் கரைந்துவிடுகிறது. வெட்டிய தகட்டை மேலே வைத்து வண்ணத்தைத் தெளித்தவரின் கைப்பக்குவம் அது. பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட இருந்தார்களாம். நல்லவேளை, போடவில்லை.

இந்தச் சாமான் காவிரி டெல்டாவுக்கு வந்த வழி நமக்குத் தெரிந்த வழிதான். தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் போகும் ரயில் பாதையில் இருக்கிறது நீடாமங்கலம். அந்தக் காலத்தில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினால் பினாங்கு, சிங்கப்பூர். 1926 முதல் 1973 வரை 'ரஜூலா' கப்பல் நம் ஜனங்களை ஏற்றிக்கொண்டு போனது, திரும்ப அழைத்தும் வந்தது. ஊர் திரும்பியவர்களின் பெட்டிகளில் மலாயாக் கடைவீதியில் வாங்கிய பூப்போட்ட தட்டும் கேரியரும் இருந்தன.

இதையே பெரிய அளவில் செய்தவர்கள் செட்டிநாட்டு நகரத்தார். பர்மாவிலும் மலாயாவிலும் தொழில் நடத்திய அவர்கள், பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களில் வெள்ளி, பித்தளையோடு எனாமலையும் சேர்த்தார்கள். ஸ்வீடன், செக்கோஸ்லோவாக்கியா, ஜப்பான் என்று பல தேசத்துச் சரக்கு. ஸ்வீடனின் ரொன்னபி ஊரில் கொக்கம்ஸ் கம்பெனி செய்த எனாமலுக்குச் செட்டிநாட்டில் இன்றும் தனி மரியாதை. ரொன்னபியில் அந்த வேலை எப்போதோ நின்றுவிட்டது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் அதன் கிண்ணங்கள் இன்னும் அடுக்கியிருக்கின்றன.

எனாமல் என்பது இரும்புத் தகட்டின்மேல் உருக்கிய கண்ணாடி. கண்ணாடித் தூளைக் குழம்பாக்கி, அதில் பாத்திரத்தைத் தோய்த்து, ஏறக்குறைய 800 டிகிரி சூட்டில் சுடுவார்கள். முதல் பூச்சு கறுப்பாக இருக்கும். இரும்பைப் பிடித்துக்கொள்வது அதுதான். அதன்மேல் வண்ணப் பூச்சு, பிறகு பூ. ஒவ்வொன்றுக்கும் தனிச் சூடு. ஓரம் பெயர்ந்த தட்டில் அந்தக் கறுப்புப் பூச்சைக் கண்ணாலேயே பார்க்கலாம். பெயர்ந்த இடத்தில் புதிதாகப் பெயிண்ட் அடித்து விற்பதை வாங்காதீர்கள். பெயர்ந்தது பெயர்ந்தபடி இருப்பதுதான் அழகு.

காலத்தை அடி முத்திரை சொல்லும். 'செக்கோஸ்லோவாக்கியா' என்றிருந்தால் 1918க்கும் 1992க்கும் இடைப்பட்டது, அந்த நாடு இருந்ததே அவ்வளவு காலம்தான். 'ஆக்குபைட் ஜப்பான்' என்றிருந்தால், இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1952க்குள் செய்தது.

முத்திரைக்கும் மேலாகச் சேகரிப்பவர்கள் தேடுவது ஒன்று உண்டு. அதற்கு வெளிநாட்டு உதாரணம் ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவில் டென்னசி மாநிலத்து எர்வின் என்ற சிற்றூரில் சதர்ன் பாட்டரீஸ் என்றொரு பீங்கான் கம்பெனி இருந்தது. 'ப்ளூ ரிட்ஜ்' என்று பெயர் பெற்ற அதன் தட்டுகளில் உள்ளூர்ப் பெண்கள் தூரிகையால் நேரடியாகப் பூ வரைந்தார்கள். 1957இல் கம்பெனியை மூடிவிட்டார்கள். ஒரே டிசைனில் இரண்டு தட்டு எடுத்தால் இதழ் மாறியிருக்கும். அங்கே சேகரிப்பவர்கள் ஆசையோடு தேடுவது அந்த மாற்றத்தைத்தான். நம் எனாமலில் பூ பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். மாறுவது அடிப்பக்கம்.

பித்தளைப் பாத்திரமென்றால் பேர் வெட்டுவோம். எனாமலில் வெட்டினால் கண்ணாடி தெறித்துவிடும். அதனால் அடியில் பெயிண்டால் இனிஷியல் எழுதினார்கள். நான் சொன்ன கேரியரிலும் வெள்ளை பெயிண்டில் இரண்டு தமிழ் எழுத்து, கொஞ்சம் கோணலாக. அந்த வீட்டுப் பாட்டியின் பெயருக்கும் அவர் அப்பா பெயருக்கும் முதல் எழுத்து. வியாபாரிகள் இதை அழுக்கென்று நினைத்துத் தேய்த்து எடுத்துவிடுகிறார்கள். எனக்கு இது பொறுக்காது. கம்பெனி முத்திரை லட்சம் பாத்திரத்தில் இருக்கும். இந்த இரண்டு எழுத்து இந்த ஒன்றில்தான் இருக்கிறது. என் மதிப்பில், இனிஷியல் உள்ள சாதாரணத் தட்டு, இனிஷியல் இல்லாத கொக்கம்ஸ் தட்டைவிட ஒரு படி மேல்.

எவர்சில்வர் வந்த பிறகு எனாமல் பரணுக்குப் போனது. அதை இறக்கினால் பார்க்க வையுங்கள், சாப்பிட வேண்டாம். பழைய வண்ணங்களில் ஈயமும் காட்மியமும் சேர்ந்திருக்கலாம். புளிக்குழம்பு, ஊறுகாய் படவே கூடாது. கம்பி நார் போட்டுத் தேய்க்காமல், மெல்லிய துணியால் கழுவி ஈரம் போகத் துடையுங்கள்.

இன்னொன்று. அது யார் கொண்டுவந்தது, எந்த ஊரிலிருந்து, யார் கல்யாணத்துக்கு என்று வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, ஒரு சீட்டில் எழுதிப் பாத்திரத்துக்குள் போட்டு வையுங்கள். விற்பதானாலும் அந்தச் சீட்டோடு சேர்த்தே விற்றுவிடுங்கள்.