வளரிளம் பருவத்தினரின் நலமும் பட்டதாரிகளின் கடமையும்

பத்து முதல் பத்தொன்பது வயது வரையிலான காலத்தை உலக சுகாதார நிறுவனம் வளரிளம் பருவம் என வரையறுக்கிறது. தம் உள்ளம் யாரை நாடுகிறது என்னும் பாலீர்ப்பையும், தம்மை ஆணாகவோ பெண்ணாகவோ இவ்விரண்டிலும் அடங்காதவராகவோ உணரும் பாலின அடையாளத்தையும் பலர் அறியத் தொடங்குவது இப்பருவத்தில்தான். தன்பாலீர்ப்புள்ள பிள்ளைகளிடமும் திருநர் பிள்ளைகளிடமும் மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் மிகுந்திருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. அதற்குக் காரணம் அவர்களின் இயல்பு அன்று. வகுப்பறைக் கேலியும், வீட்டில் விழும் அடியும், ஊரார் பேச்சுக்கு அஞ்சிப் பெற்றோரே ஒதுக்கும் கொடுமையுமே ஆகும். தன்பாலீர்ப்பு நோயன்று என்பதை உலக சுகாதார நிறுவனம் 1990-இலேயே ஏற்றது.

புதுச்சேரியைப் பொறுத்தவரை தன்பாலுறவு குற்றமாக்கப்பட்டிருந்த வரலாறும் குறுகியதே. பிரான்சு 1791-இலேயே தன்பாலுறவைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. அதைக் குற்றமாக்கி ஆங்கிலேயர் இயற்றிய 377-ஆம் பிரிவு, 1963 அக்டோபர் 1 அன்று இந்தியத் தண்டனைச் சட்டம் இங்கு நீட்டிக்கப்பட்டபோதுதான் வந்தது. வயது வந்தோர் மனமொத்துக் கொள்ளும் தன்பாலுறவு குற்றமன்று என 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எனினும், பிள்ளைகளின் நலனுக்கு நெருங்கிய தீர்ப்பு, புதுச்சேரிக்கும் உயர் நீதிமன்றமாக விளங்கும் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்தே வந்தது. மதுரையிலிருந்து வெளியேறிச் சென்னையில் அடைக்கலம் தேடிய, தன்பாலீர்ப்புள்ள இரு பெண்களின் வழக்கை விசாரித்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், தமக்கு இப்பொருளில் போதிய அறிவில்லை என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, உளவியல் வல்லுநரிடம் தாமே அமர்ந்து கற்ற பின்னரே, 2021 ஜூன் 7 அன்று ஆணை பிறப்பித்தார். அதிகாரத்தில் இருப்பவர் கற்பதற்கு அமர்ந்த அச்செயல், ஆணையின் எந்தப் பத்திக்கும் குறைந்ததன்று. பாலீர்ப்பையோ பாலின அடையாளத்தையோ மருந்தாலும் மிரட்டலாலும் மாற்ற முயலும் 'மாற்றுச் சிகிச்சை' அதில் தடைசெய்யப்பட்டது. பள்ளிகள், பெற்றோர், காவல்துறையினர் ஆகியோருக்கான விழிப்புணர்வும் வலியுறுத்தப்பட்டது. 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் அச்சிகிச்சையை மருத்துவரின் தொழில்முறைத் தவறு என அறிவித்தது.

கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவ நிறுவனமும் இலாசுப்பேட்டையில் கல்லூரிகளும் அமைந்த, புதுச்சேரியின் உழவர்கரையில் பட்டம் பெறுவோரில் பலர் ஆசிரியராகவும் செவிலியராகவும் மருத்துவராகவும் பணியேற்கப்போகின்றனர். ஒரு பிள்ளை முதன்முதலில் மனம் திறப்பது அவர்களிடமாக இருக்கக்கூடும். அப்போது பதறாமல் கேட்பதும், பிள்ளையின் இசைவின்றி அச்செய்தியைப் பெற்றோரிடம்கூடச் சொல்லாமல் காப்பதும், 'சரிசெய்கிறோம்' என்போரிடம் அனுப்பாதிருப்பதும் அவர்களின் கடமை. கட்டணமில்லா மனநல உதவி எண் 14416, குழந்தைகள் உதவி எண் 1098 ஆகிய இரண்டையும், பணியேற்கும் முதல் வாரத்திலேயே பிள்ளைகள் கண்ணில் படும் இடத்தில் அவர்கள் எழுதிவைக்க வேண்டும்.