மன்னன் விலங்குச்சாலையில் நின்ற எருது

காட்டு விலங்குகளைப் பற்றிய கதைகளுக்கு ஊவா மலைநாட்டில் என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. தேயிலை முடியும் இடத்தில் காடு தொடங்கும் தோட்டங்களில் வாழ்வோர், புலியின் உறுமலையும் மரையின் குரலையும் இருட்டிலேயே அடையாளம் அறிவர். அவர்கள் சொல்லும் செய்திகளுள் சில உண்மை. சில, வாய்க்கு வாய் மாறி வளர்ந்தவை. இவற்றைப் பிரித்தறிவது எவ்வாறு? இக்கேள்விக்கு விடைகாண ஒரு பழைய செய்தி துணைபுரியும். இலங்கையின் காடுகளில் இன்று காணப்படாத ஒரு பெருவிலங்கு, ஏறத்தாழ முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் கண்டி மன்னனின் விலங்குச்சாலையில் வளர்க்கப்பட்டது என்பதே அச்செய்தி. அதனை ஒரு வழக்கைப் போல விசாரித்துப் பார்க்கலாம்.

முதலில் சாட்சி யார் என்று பார்க்கவேண்டும். ரொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேய இளைஞர், தம் தந்தையார் தலைவராயிருந்த 'ஆன்' என்ற கப்பலில் வந்து, திருகோணமலையை அடுத்த கொட்டியாரத்தில் 1660ஆம் ஆண்டு இரண்டாம் இராஜசிங்க மன்னனின் ஆட்களிடம் சிறைப்பட்டார். பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் கண்டி இராச்சியத்திலேயே அவர் வாழ நேர்ந்தது. அவரை இருட்டறையில் அடைத்து வைக்கவில்லை. கிராமத்தில் குடியிருக்க விட்டார்கள். அவர் தொப்பி பின்னினார். நெல்லைக் கடனாகக் கொடுத்து வாங்கினார். பொருள்களைச் சுமந்து ஊர் ஊராக விற்றார். 1679இல் தப்பி, அரிப்பிலிருந்த டச்சுக்காரரின் கோட்டையை அடைந்தார். 1681இல் இலங்கையைப் பற்றிய அவருடைய நூல் இலண்டனில் வெளிவந்தது.

அந்நூலில் ஊவாவும் உண்டு, பதுளையும் உண்டு. மன்னனின் நாட்டில் இருந்த ஐந்து நகரங்களுள் ஒன்றாகப் பதுளையை நொக்ஸ் குறிப்பிடுகிறார். ஊவா நீர்வளம் மிக்கது என்றும், அங்கே மரங்கள் குறைவு என்றும், வெளியான நிலமாதலால் மாடுகள் பெருகி மேய்கின்றன என்றும், அங்கு விளையும் புகையிலை சிறந்தது என்றும் எழுதியிருக்கிறார். ஊவா மாடுகளை வேறிடத்துக்குக் கொண்டு சென்றால் அவை பெரும்பாலும் இறந்துவிடும் என்ற வியப்பான செய்தியையும் சேர்த்திருக்கிறார். ஊவாவின் பத்தனைப் புல்வெளிகளை அறிந்தவர்களுக்கு இவ்வருணனை அந்நியமாகத் தோன்றாது.

விலங்குகளைப் பற்றி எழுதும் பகுதியில்தான் நமது செய்தி வருகிறது. 'கவரா' என்று மக்கள் அழைக்கும் ஒரு விலங்கு உண்டு என்றும், அது எருதைப் பெரிதும் ஒத்திருப்பதால் அவ்வினத்தைச் சேர்ந்ததே எனத் தாம் கருதுவதாகவும் நொக்ஸ் கூறுகிறார். அதன் முதுகு கூரிய வரம்பாக உயர்ந்திருந்ததாம். நான்கு கால்களும் பாதியளவு வெண்மையாயிருந்தனவாம். அவர் கண்டது ஒன்றே ஒன்று. அதனைக் கண்ட இடம் காடன்று, மன்னனின் விலங்குச்சாலை. அவர் விட்டுச் சென்ற சாட்சியம் இவ்வளவே.

இச்சாட்சியை நம்பலாமா? அதே விலங்குச்சாலையைப் பற்றி அவர் கூறும் மற்றொரு செய்தியைக் கொண்டு சோதிக்கலாம். கரிய புலி ஒன்று பிடிபட்டு மன்னனிடம் கொண்டுவரப்பட்டது என்றும், பால்போல் வெளுத்த மான் ஒன்றும் அங்கிருந்தது என்றும் அவர் எழுதியிருக்கிறார். இலங்கைக் காடுகளில் வாழ்வது சிறுத்தை, வரிப்புலி இங்கில்லை. ஆனால் அக்கால ஆங்கிலேயர் சிறுத்தையையும் புலி என்றே எழுதினர். தோட்டப்புறத்து மக்களும் இன்றுவரை அவ்வாறே சொல்கின்றனர். அப்படியானால் நொக்ஸ் கூறியது கருஞ்சிறுத்தை. அது இலங்கையில் இனி இல்லை என்றே பலர் எண்ணியிருந்தனர். ஆனால் 2020ஆம் ஆண்டு மே மாதம், மத்திய மாகாணத்தில் சிவனொளிபாத மலையை அடுத்த நல்லதண்ணிப் பகுதித் தேயிலைத் தோட்டமொன்றில் உயிருள்ள கருஞ்சிறுத்தை ஒன்று கம்பிச் சுருக்கில் அகப்பட்டது. உடவளவையில் சிகிச்சை அளித்தும் பயனின்றி அது மே 29ஆம் நாள் இறந்தது. சாட்சி சொன்ன ஒரு விந்தை மெய்யாயிற்று. அதனால் அவர் சொன்ன யாவும் மெய்யென்று ஆகிவிடாது. ஆயினும் அவர் கட்டுக்கதை புனைபவர் அல்லர் என்பதற்கு அது வலிமை தருகிறது.

அடுத்து, அவர் கண்ட விலங்கு யாது? அது காட்டெருமையாய் இருக்கலாகாதா என்ற ஐயம் எழலாம். எருமைக்கும் முழங்காலுக்குக் கீழே சற்று வெளுத்த நிறம் உண்டு. ஆனால் எருமைகளின் நடுவே பத்தொன்பது ஆண்டுகள் வாழ்ந்த ஒருவர், வயலில் உழும் எருமையை அறியாமல் புதிய பெயர் கொடுத்து எழுதியிருக்க மாட்டார். மேலும், முதுகின் மேல் நடுப்பகுதிவரை உயர்ந்து நிற்கும் வரம்பு எருமைக்கு இல்லை. அவ்வரம்பும், கரிய உடலும், வெண்ணிறக் காலுறை அணிந்தாற்போன்ற கால்களும் உடைய விலங்கு தென்னிந்திய மலைகளில் இன்றும் உண்டு. வடமொழியாளரும் இந்தி பேசுவோரும் அதனைக் 'கௌர்' என்ற ஒலியோடு ஒத்த பெயர்களால் அழைப்பர். ஆண் விலங்கு ஆயிரம் கிலோ நிறையை எட்டவல்லது. சங்கப் பாடல்களில் 'ஆமா', 'ஆமான்' என வரும் காட்டுப்பசு இதுவே என்பது அறிஞர் பலர் கருத்து.

இங்கே தமிழ்ச் சொல்லால் விளையும் குழப்பம் ஒன்றையும் கவனிக்கவேண்டும். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் இவ்விலங்கைக் 'காட்டெருமை' என்றும் 'காட்டுமாடு' என்றும் மக்கள் அழைக்கின்றனர். இலங்கையிலோ காட்டெருமை என்றால் உண்மையான எருமையையே குறிக்கும். ஊவாத் தோட்டங்களில் வாழும் தமிழரின் முன்னோர் தென்னிந்திய மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். எனவே 'எங்கள் தாத்தா காட்டெருமையைக் கண்டார்' என்று ஒருவர் சொன்னால், எந்த நாட்டில் கண்டார், எந்த விலங்கைக் கண்டார் என்று கேட்டறிதல் வேண்டும். சொல் ஒன்றாயிருப்பதால் பொருளும் ஒன்றாகிவிடாது.

இடப்பெயர்களும் சாட்சியாக அழைக்கப்பட்டுள்ளன. எமெர்சன் டெனன்ட் 1861இல் வெளியிட்ட இலங்கை உயிரினங்கள் பற்றிய நூலில் நொக்ஸின் கூற்றை எடுத்து ஆராய்ந்தார். நுவரெலியாவுக்கும் சிவனொளிபாத மலைக்கும் இடையே 'கவர எலிய' என்று ஓரிடம் உள்ளதை அவர் குறித்தார். எலிய என்றால் வெளி. கவரா மேய்ந்த வெளி என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். ஆனால் இடப்பெயரை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லுதல் ஆபத்தானது. நுவரெலியாவுக்கு அருகில் 'எல்க் பிளேன்ஸ்' என்று ஓரிடம் உண்டு. எல்க் என்பது வட நாடுகளின் குளிரில் வாழும் பெருமான். அது இலங்கையில் என்றும் வாழ்ந்ததில்லை. ஆங்கிலேயத் துரைமார் இந்நாட்டு மரைக்கு அப்பெயரைச் சூட்டிவிட்டனர். இடத்துக்கும் அப்பெயர் நின்றுவிட்டது.

எலும்புகள் என்ன சொல்கின்றன? இரத்தினபுரிப் பகுதியில் மாணிக்கம் தேடிக் குழி தோண்டுவோர், சேற்றுக்கும் கூழாங்கற்களுக்கும் இடையே பழைய விலங்குகளின் பற்களையும் எலும்புகளையும் எடுத்திருக்கின்றனர். தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராயிருந்த பி. இ. பி. தெரணியகல அவற்றை ஆராய்ந்தார். இலங்கையில் ஒரு காலத்தில் சிங்கமும், நீர்யானையும், காண்டாமிருகமும், கௌர் இனத்து எருதும் வாழ்ந்தன என்பது அவ்வாராய்ச்சியால் புலனாயிற்று. கடல்மட்டம் தாழ்ந்திருந்த காலங்களில் இலங்கையும் இந்தியாவும் ஒரே நிலமாய் இருந்தமையால் இதில் வியப்பில்லை. எனவே, இத்தீவில் அவ்விலங்கு ஒருகாலத்தில் இருந்தது என்பது உறுதி. ஆனால் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட எலும்பு, பதினேழாம் நூற்றாண்டில் அது உயிரோடு திரிந்தது என்பதற்குச் சான்றாகாது.

எதிர்த்தரப்பு வாதத்தையும் கேட்பது நீதி. மன்னனின் விலங்குச்சாலையில் இருந்தவையெல்லாம் இந்நாட்டில் பிடிபட்டவை என்று எப்படிச் சொல்வது? மன்னருக்கு மன்னர் விலங்குகளைப் பரிசாக அனுப்புவது அக்கால வழக்கம். இராஜசிங்கனுக்கு டச்சுக்காரர் ஓர் இளஞ்சிங்கத்தை அனுப்பியதை நொக்ஸே எழுதியிருக்கிறார். மன்னனின் அரசியும் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர். அத்தொடர்பின் வழியே ஒரு கௌர் கடல் கடந்து வந்திருக்கக் கூடாதா? வந்திருக்கக் கூடும். ஆயினும் மக்கள் அதற்கென்று ஒரு பெயரை வைத்திருந்தனர் என்பதும், மலைநாட்டு வெளி ஒன்று அப்பெயரைத் தாங்கி நின்றது என்பதும், அது அவர்களுக்கு அறிமுகமான விலங்கே என்ற பக்கமே தராசைச் சாய்க்கின்றன.

ஆக, தீர்ப்பு இது. கண்டி மன்னன் ஒரு கௌர் எருதை வளர்த்தான் என்பது ஐயத்துக்கு இடமின்றி ஏற்கத் தக்கது. அது இந்நாட்டுக் காட்டில் பிடிபட்டது என்பது பெரிதும் ஏற்கத் தக்கது; ஆனால் நிலைநாட்டப்பட்டதன்று. இவ்விரண்டு சொற்களுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டைக் காப்பதே வதந்தியை விசாரிப்பவரின் கடமை.

இவ்விசாரணையில் மனத்தை வருத்தும் செய்தி வேறொன்று. ஆயிரம் கிலோ நிறையுள்ள விலங்கு ஓரினம் முழுதும் மறைந்தது. எந்த ஆண்டில், எந்தக் காட்டில், எதனால் மறைந்தது என்று சொல்ல ஒரு வரி எழுத்தும் இல்லை. வேட்டையாலோ, வளர்ப்பு மாடுகளிடமிருந்து தொற்றிய வெக்கை நோயாலோ அழிந்திருக்கலாம் என்று ஊகிக்க மட்டுமே முடிகிறது. யானைகளுக்காவது கணக்கு இருக்கிறது. பதுளையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த மேஜர் ரொஜர்ஸ் ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றதாகப் பதிவு உண்டு. அவர் 1845இல் ஹப்புத்தளையில் இடி தாக்கி இறந்தார். பதுளை புனித மாற்கு தேவாலயம் அவர் நினைவாக எழுந்தது. கொன்றவருக்கு நினைவாலயம் உண்டு. மறைந்த கவராவுக்கு ஒரு நாள்கூடக் குறிக்கப்படவில்லை.

இது இந்நாட்டுக்கு மட்டும் உரிய குறையன்று. தென்னாபிரிக்காவின் குவாகா என்னும் வரிக்குதிரை வகையின் கடைசி உயிர் 1883 ஆகஸ்ட் 12இல் ஆம்ஸ்டர்டாம் மிருகக்காட்சிச்சாலையில் இறந்தது. அது கடைசி என்பதை அன்று எவரும் உணரவில்லை. வரிக்குதிரை எல்லாவற்றையும் குவாகா என்றே அங்குள்ளோர் அழைத்து வந்ததால், வேறு பல இருப்பதாக எண்ணிவிட்டனர். கண்முன்னே கூண்டில் நின்றும் அதன் நிலை அறியப்படவில்லை.

இதற்கு மறுதலையான செய்தியும் ஊவாவின் வாயிலிலேயே உண்டு. ஒஹியாவிலிருந்து மேலேறிச் செல்லும் ஹோர்ட்டன் சமவெளியில் 1937இல் பிடிபட்ட தேவாங்கு வகை ஒன்றை ஒஸ்மன் ஹில் என்ற உடற்கூற்றறிஞர் 1942இல் விவரித்தார். பின்னர் பல பத்தாண்டுகள் அது காணப்படாமையால் அழிந்தது என்றே கருதினர். ஆராய்ச்சியாளர்கள் இரவிரவாகக் காடுகளில் தேடி, 2009இல் அதனைப் படம் பிடித்தனர். 2010இல் உலகம் அறிந்தது. இல்லை என்று சொன்ன ஒன்று இருந்தது. தேடியவர்கள் பொறுமையோடு தேடியதால், கண்டதைப் படத்தோடு காட்டியதால், எவரும் மறுக்கவில்லை.

ஆகவே, தோட்டப்புறத்து மக்கள் அரிய விலங்கொன்றைக் காணும்போது செய்யத் தக்கவை சில உண்டு. கண்ட நாள், நேரம், இடம், உயரம், நிறம், கால்தடம் ஆகியவற்றை அன்றே குறித்து வைத்தல் வேண்டும். கண்டதையும் கேட்டதையும் கலவாது சொல்லுதல் வேண்டும். வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவித்தல் வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கும் இதனைப் பழக்கலாம். நொக்ஸ் கல்விமான் அல்லர், கப்பலோட்டியின் மகன். முதுகையும் கால்களையும் உற்று நோக்கி அவர் எழுதிய சில வரிகளாலேயே கவராவைப் பற்றி இன்று பேச முடிகிறது.

மற்றொன்றும் உண்டு. கொழுந்து மலையின் ஓரத்தில் பன்றிக்கென்று கட்டும் கம்பிச் சுருக்கு, வருவது பன்றியா சிறுத்தையா என்று பார்ப்பதில்லை. நல்லதண்ணியில் அகப்பட்ட கருஞ்சிறுத்தை, மன்னர் காலத்தில் விலங்குச்சாலையில் வைத்துப் போற்றப்பட்டது போன்றதோர் உயிர். அதனைக் கொன்றது துரையின் துப்பாக்கியன்று. ஒரு முழக் கம்பி. அக்கம்பியைக் கட்டாதிருக்கச் சட்டத்துக்கு அஞ்சவேண்டுவதில்லை. மரக்கறித் தோட்டத்துக்கு வேலியிட்டுக் காக்கும் வழி இருக்கிறது. ஊவா மலைகளில் இன்று உயிரோடு உலவும் விலங்குகளைப் பற்றி நாளைய பிள்ளைகள் விசாரணை நடத்த வேண்டிய நிலை வராதிருக்கட்டும்.