கால் மைலுக்குப் பன்னிரண்டு வினாடி

(முன்னாள் மாணவர் சங்கத்தின் 2024 ஆம் ஆண்டு ஒன்றுகூடலில், 1979 இல் இயந்திரவியல் பிரிவில் தேறிய அன்பர் ஒருவர் ஆற்றிய உரை)



செயலாளர் எனக்கு இருபது நிமிஷம் கொடுத்திருக்கிறார். "டெட்ராய்ட் பக்கம் இத்தனை வருஷம் இருந்திருக்கே, ஏதாவது உபயோகமா பேசுப்பா" என்றார். மன்னிக்க வேண்டும். ஏற்கெனவே வேகமாக ஓடிய ஒரு காரை இன்னும் வேகமாக ஓட வைக்க நான் பட்ட பாட்டைத்தான் சொல்லப் போகிறேன். இதில் உங்களிடம் நான் ஒப்புக்கொள்ள வேண்டிய பொய் ஒன்றும் இருக்கிறது. அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

அமெரிக்காவில் 'மசில் கார்' என்றால் நடுத்தர அளவுக் காரில் பெரிய எஞ்சினைத் திணிப்பது. 1964 இல் பான்டியாக் ஜிடிஓ வந்ததிலிருந்து இந்தப் பைத்தியம் வலுத்தது என்பார்கள். அம்பாசடரில் லாரி எஞ்சினை வைத்தால் எப்படி இருக்கும், அந்த மாதிரி. பிறகு 1973 இல் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தது, புகைக் கட்டுப்பாடு வந்தது, இன்ஷூரன்ஸ்காரர்களும் கையை விரித்தார்கள். ஆட்டம் அடங்கியது. ஆனால் ஆசை அடங்கவில்லை.

2003 இல் ஃபோர்டு கம்பெனி மஸ்டாங் கோப்ரா என்று ஒரு கார் விட்டது. 4.6 லிட்டர் வி8 எஞ்சின், 32 வால்வு, 390 குதிரைத் திறன். எடை 1,650 கிலோவுக்குச் சற்று மேல். எஞ்சின் தலைமேல் தொழிற்சாலையிலேயே ஒரு சூப்பர்சார்ஜர் வைத்து அனுப்பினார்கள். நான் அதைப் பார்த்தேன், என் மனைவி என்னைப் பார்த்தாள். மூன்று மாதம் கழித்து வாங்கிவிட்டேன்.

சூப்பர்சார்ஜர் என்பது காற்றை எஞ்சினுக்குள் வலுக்கட்டாயமாகத் தள்ளும் ஒரு பம்பு. அதிகக் காற்று போனால் அதிகப் பெட்ரோல் எரிக்கலாம், அதிக சக்தி கிடைக்கும். அந்தக் காரில் இருந்தது ரூட்ஸ் வகை. இந்தியானா மாநிலத்தில் கானர்ஸ்வில் என்ற ஊரைச் சேர்ந்த ரூட்ஸ் சகோதரர்கள் இருவர் 1860 இல் காப்புரிமை வாங்கிய சாதனம். கார் என்ற ஒன்றே அப்போது கிடையாது. உலைகளுக்குக் காற்று ஊதத்தான் முதலில் பயன்பட்டது. பின்னால் ஜெனரல் மோட்டார்ஸின் டூ-ஸ்ட்ரோக் டீசல் எஞ்சின்களில் இதே ஜாதி ஊதுவான் வந்தது. அதைப் பழைய லாரி, பஸ் எஞ்சின்களிலிருந்து கழற்றித் தங்கள் காரில் மாட்டினார்கள் அமெரிக்கப் பையன்கள். காயலான் கடையில் பிறந்த விஞ்ஞானம் என்று சொன்னால் தப்பில்லை. நம் ஹாஸ்டல் ஷெட்டில் யெஸ்டியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்த என் அறைத்தோழனை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அவன் அங்கே பிறந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பான். சோழவரம் பந்தயத்துக்கு என்னை முதலில் இழுத்துக்கொண்டு போனதும் அவன்தான். பழைய விமானத் தளத்தின் ஓரத்தில், தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு நின்று பார்த்தோம். எனக்கு நோய் தொற்றியது அங்கேதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதிரிக் கார்களுக்கு அங்கே கால் மைல் பந்தயம். அதாவது 402 மீட்டர், நேர் பாதை, நின்ற நிலையிலிருந்து புறப்பட வேண்டும். டெட்ராய்ட்டுக்குத் தென்மேற்கே மிலன் என்ற சிற்றூரில் அதற்கென்று ஒரு தடம். யார் வேண்டுமானாலும் பணம் கட்டிச் சொந்தக் காரை ஓட்டலாம். ஓடி முடித்ததும் கையில் ஒரு சீட்டுத் தருவார்கள். வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குவரை அதில் அச்சாகியிருக்கும். அந்தச் சீட்டு இருக்கிறதே, அது மனுஷனைப் படுத்தாத பாடு கிடையாது.

முன் வரிசையில் இருப்பவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. சக்தி மாறாமல் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், சக்தி பெருக்கல் நேரம், இயக்க ஆற்றலுக்குச் சமம். அதை ஒரு முறை தொகையிட்டால், குறிப்பிட்ட தூரத்தைக் கடக்கும் நேரம், எடையைச் சக்தியால் வகுத்து வருவதன் கனமூலத்துக்கு நேர் விகிதம் என்று வந்துவிடும். கனமூலம்! அதுதான் வயிற்றெரிச்சல். சக்தியைப் பத்து சதவீதம் கூட்டினால் நேரம் மூன்று சதவீதம்தான் குறையும். பதின்மூன்று வினாடிக் காரில் அது 0.4 வினாடி. சிரிக்காதீர்கள், கோட்டைத் தாண்டும் வேகத்தில் 0.4 வினாடி என்பது இருபது மீட்டர். நாலு கார் நீளம்.

முதல் நாள் நான் ஓட்டியது 13.6. பத்திரிகைக்காரர்கள் இதே காரைப் பதின்மூன்றுக்குக் கீழே ஓட்டியிருந்தார்கள். குறை காரில் இல்லை. கிளட்சை விட்டதும் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. எஞ்சினில் எத்தனை குதிரை இருந்தாலும் தரையைப் பிடிக்கிற சக்தி டயருக்கு எவ்வளவோ அவ்வளவுதான் கார் நகரும். ஆகவே முதல் செலவு எஞ்சினுக்கு இல்லை, டயருக்கு. டிராக் ரேடியல் என்று மெத்தென்ற ரப்பர் டயர்; காற்றைக் குறைத்து ஓட்ட வேண்டும். அது மட்டுமே 12.9 க்குக் கொண்டு வந்தது. அடுத்து பின் அச்சின் கியர். 3.55 விகிதத்தை எடுத்துவிட்டு 4.10 போட்டேன். சக்கரத்துக்குப் போகும் முறுக்கு விசை பதினைந்து சதவீதம் கூடியது. 12.6.

இங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

அந்த சூப்பர்சார்ஜர் ஒரு சுற்றுக்கு 112 கன அங்குலக் காற்றைத் தள்ளும், சுமார் 1.8 லிட்டர். கிராங்க் ஷாஃப்டிலிருந்து பெல்ட் போட்டு ஓடுகிறது. மேல் புல்லியைச் சின்னதாக்கினால் வேகமாகச் சுற்றும். சைக்கிள் பின் சக்கரத்தில் சின்னப் பல்சக்கரம் மாட்டுகிற கதைதான். மூன்றரை அங்குலத்துக்கு மேல் இருந்த புல்லியைக் கழற்றிவிட்டு, மூன்றுக்குக் குறைவான ஒன்றை மாட்டினேன். காற்றழுத்தம் 8 பிஎஸ்ஐயிலிருந்து 12 ஆனது. கூடவே எஞ்சின் கம்ப்யூட்டரின் கணக்கையும் மாற்றி எழுத வேண்டும். இல்லாவிட்டால் பெட்ரோல் போதாமல் எஞ்சின் வறண்டு போகும். அதை ஏப்ரல் மாதக் குளிரில் ஒழுங்காகவே செய்தேன். 12.04 வந்தது.

12.04. அதை 11 என்று ஆரம்பிக்க வைக்க வேண்டும். நூற்றில் ஐந்து பங்கு வினாடி. வேறு எதுவும் என் மண்டையில் இல்லை.

நம் லேபில் இரண்டு கட்ட ஏர் கம்ப்ரெசர் இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? மூன்றாம் வருஷத்தில் எங்கள் சார் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, முதல் சிலிண்டருக்கும் இன்டர்கூலருக்கும் நடுவில் உள்ள குழாயைத் தொடச் சொல்வார். சுரீரென்று கையை இழுப்போம். "இப்ப இன்டர்கூலருக்கு அந்தாண்டை தொடு" என்பார். வெதுவெதுப்பாக இருக்கும். "காத்த அமுக்கினா சூடாகும்டா. இத மறந்தா பரீட்சையில மார்க் போகும், வேலையில கை போகும்" என்பார். என் விஷயத்தில் போனது கை இல்லை.

ரூட்ஸ் ஊதுவானுக்கு ஒரு குணம். உள்ளே அது காற்றை அமுக்குவதில்லை. அள்ளி முன்னால் கொட்டுகிறது, காற்று அங்கே போய் நெரிபடுகிறது. அதனால் சூடு இன்னும் அதிகம். முப்பது டிகிரி காற்று 8 பிஎஸ்ஐக்கு ஏறத்தாழ நூறு டிகிரியாகும். 12 க்கு 130, 140 வரை போகும். இன்டர்கூலர் தண்ணீர் அதை இறக்க வேண்டும். ஆனால் தண்ணீரே சூடாகிவிட்டால்? ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவில் பானெட்டைத் திறந்து வைத்து அரைமணி, முக்கால் மணி ஆறவிட வேண்டும் என்பது அங்கே பத்தொன்பது வயதுப் பையனுக்கும் தெரியும்.

2004 ஆகஸ்ட், புழுக்கமான சாயங்காலம். பதினாலு வயது மகன் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்கிறான். ஐந்து ஓட்டம் விடாமல் ஓட்டினேன். நேரம் குறைவதற்குப் பதிலாக ஏறுகிறது, 12.1, 12.2. சூட்டினால்தான் ஏறுகிறது என்று எந்த மூன்றாம் வருஷ மாணவனும் சொல்லியிருப்பான். நான் என்ன செய்தேன் தெரியுமா? கையடக்கக் கருவியை மாட்டி, இக்னிஷனை இரண்டு டிகிரி முன்னால் தள்ளிவிட்டு மறுபடி வரிசையில் போய் நின்றேன். "ஆறட்டும்பா" என்று மகன் கத்தினான். கேட்டது. கேட்காத மாதிரி கையை ஆட்டினேன்.

மூன்றாவது கியரில் நாக்கிங் ஆரம்பித்திருக்க வேண்டும். பொறி மூட்டிய தீ போய்ச் சேருமுன், மூலையில் மிச்சமிருக்கும் கலவை தானாகவே வெடிப்பதுதான் நாக்கிங். சுத்தியலால் பிஸ்டனை அடிப்பது போல. தலையில் ஹெல்மெட், காதில் சூப்பர்சார்ஜரின் ஊளை. ஒன்றும் கேட்கவில்லை. கோட்டைத் தாண்டும்போது கண்ணாடியில் பார்த்தால் பின்னால் நீலப் புகை. பிறகு பிரித்துப் பார்த்தபோது இரண்டு பிஸ்டன் ஓரத்தில் உருகி, ரிங் இருந்த விளிம்பு உடைந்து, சிலிண்டர் சுவரெல்லாம் கீறல்.

இப்போது அந்தப் பொய். அந்த டிசம்பரில் நம் வெள்ளி விழா. நாலு பேருக்கு விமான டிக்கெட்டுக்கு ஒதுக்கி வைத்திருந்த பணம் எஞ்சினுக்குப் போய்விட்டது. சங்கத்துக்கு "விடுமுறை கிடைக்கவில்லை" என்று எழுதினேன். விடுமுறை கிடைத்திருந்தது. என் அறைத்தோழன் விழாவுக்குத் திருச்சியிலிருந்து அதே யெஸ்டியில் வந்திருந்தானாம், என்னைப் பின்னால் உட்கார வைத்துச் சோழவரம் போக வேண்டுமென்று. பந்தயம் இருங்காட்டுக்கோட்டைக்குப் போய் எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. சும்மா இடத்தைப் பார்த்துவிட்டு வரத்தான். "லீவு இல்லேன்னா என்ன பண்றது, அடுத்த தடவை பாத்துக்கலாம்டா" என்று எழுதியிருந்தான். 2009 இல் அவன் போய்விட்டான். அவனிடமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். விழுந்து விழுந்து சிரித்திருப்பான்; பிறகு எந்தப் பிஸ்டன், எந்தப் பக்கம் உருகியது என்று கேட்டிருப்பான். அவன் மனைவியும் மகளும் இன்று வந்திருக்கிறார்கள். அவர்களிடம் காலையில் சொல்லிவிட்டேன்.

எஞ்சினை மறுபடி கட்டினேன். புல்லி அதேதான். இன்டர்கூலர் தண்ணீருக்கு முன்பக்கம் பெரிய ரேடியேட்டர், தண்ணீர்த் தொட்டியில் ஐஸ் கட்டி, சூடு தாங்கும் ஸ்பார்க் பிளக், இக்னிஷன் பழைய கணக்கிலிருந்து இரண்டு டிகிரி பின்னால். அதாவது காகிதத்தில் சக்தி குறைவு. 2006 அக்டோபரில், ஜில்லென்ற ஒரு ராத்திரி, முக்கால் மணி நேரம் ஆறவிட்டு ஒரே ஒரு ஓட்டம் ஓட்டினேன். 11.87. சீட்டை மகன்தான் போய் வாங்கி வந்தான். அதற்குப் பிறகு அந்தக் காரை நான் பந்தயத்துக்கு எடுக்கவில்லை.

செயலாளர் மணிக்கட்டைத் தட்டிக் காட்டுகிறார். சாப்பாடு தயார் போலிருக்கிறது. கார் இப்போது மகன் வீட்டில் இருக்கிறது. போன மாதம் போனில், "அப்பா, சூப்பர்சார்ஜர் பெல்ட் மாத்தினேன், அப்படியே புல்லியும்" என்றான். என்ன அளவு என்று நான் கேட்கவில்லை. ஐஸ் போட்டியா என்று மட்டும் கேட்டேன்.